துலிப், டாஃபடில் கிழங்குகளை நட்டால் இலை மட்டும் வருகிறது, பூ வருவதில்லை. இலையுதிர் காலத்தில் எப்படித் தேர்ந்தெடுத்து நடுவது?

வந்த இலையை வைத்தே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடலாம். துலிப்பில் ஒரே ஓர் அகன்ற இலை மட்டும் வந்து நின்றுவிட்டதா? நட்ட கிழங்கு சிறிசு, உள்ளே மொட்டே இல்லை. மொட்டு தலைகாட்டிவிட்டு காகிதம் மாதிரி காய்ந்துபோனதா? கிழங்கு சரிதான், வேருக்கு ஈரம் போதவில்லை, அல்லது நடுவதற்கு முன் வைத்திருந்த இடத்தில் கெட்டிருக்கிறது. பூ வந்தும் தண்டு நீளாமல் இலைகளுக்கு நடுவிலேயே குந்திக்கொண்டதா? குளிர் பற்றவில்லை.

நீங்கள் வாங்கும்போதே அடுத்த வசந்தத்தின் பூ கிழங்குக்குள் இருக்கிறது. நல்ல துலிப் கிழங்கு ஒன்றை வெங்காயம் போல நெட்டுவாக்கில் இரண்டாக வெட்டிப் பாருங்கள். வெள்ளைச் செதில்களுக்கு நடுவே, அடித்தட்டின் (வேர் கிளம்பும் அடிப்பக்க வட்டம்) மேல், வெளிர்மஞ்சளில் ஒரு முளை நிற்கும். பூதக்கண்ணாடி வைத்தால் அதற்குள் இதழும் மகரந்தத்தாளும் தனித்தனியாகத் தெரியும். ஆக, பூவை நாம் உண்டாக்கப் போவதில்லை, கெடுக்காமல் வெளியே கொண்டுவந்தால் போதும். உரத்தைவிடக் கிழங்கின் அளவுக்குக் காசு செலவழியுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அளவு என்பது கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். துலிப் என்றால் 12-ம் அதற்கு மேலும். 10-11 பூக்கும், ஆனால் பூ சிறுத்திருக்கும். அதற்கும் கீழே போனால் ஒற்றை இலைதான். இதே மாதிரி கிழங்காக நடும் குட்டைப் பூச்செடியான குரோக்கஸுக்கு 7-8 போதும், 9-10 கிடைத்தால் ஒரே கிழங்கில் கூடுதல் பூ. கொத்தாகப் பூக்கும் ஹயசிந்தில் மட்டும் பெரிசுக்கு ஆசைப்படாதீர்கள்: 18-க்கு மேற்பட்டது வீட்டுக்குள் வைக்கும் தொட்டிக்குச் சரி, வெளியே நட்டால் பூங்கொத்தின் கனம் தாங்காமல் காற்றில் சாயும். பாத்திக்கு 15-16 போதும். ஹயசிந்தைத் தொடும்போது கையுறை போடுங்கள், தோல் அரிக்கும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது முதலில் அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வேர் கிளம்பும் அந்த வட்டம் கல் மாதிரி இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் அழுகல், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெறும் தோல் போலக் கனமில்லாமல் இருந்தாலும் வேண்டாம். வெளித்தோல் உரிந்திருப்பதும் மேலே கொஞ்சம் நீலப்பூசணம் பூத்திருப்பதும் குறையே இல்லை, துடைத்துவிட்டு நடலாம்.

நடும் காலத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவதுதான் பொதுவான தவறு. டாஃபடில், குரோக்கஸ் இரண்டும் வேர்விட அவகாசம் கேட்பவை. வடகோளத்தில் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ போட்டுவிட வேண்டும். துலிப்புக்கு அவசரம் கூடாது. மண் சூடாக இருக்கும்போது நட்டால் பூஞ்சை நோய் தொற்றும், சீக்கிரம் முளைத்துப் பனியில் மாட்டும். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடிய நடலாம். தென்கோளத்தில் ஏப்ரல், மே. தாமதமாகிவிட்டாலும் நட்டுவிடுங்கள். விதை மாதிரி அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்கும் சமாச்சாரம் இல்லை இது.

குளிர்காலம் வலுவில்லாத இடமென்றால் குளிரை நாம்தான் கொடுக்க வேண்டும். துளையுள்ள பையில் போட்டு ஃபிரிட்ஜில் 2 முதல் 9 டிகிரி செல்சியஸுக்குள் 12-14 வாரம். அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் இருந்தால் போச்சு! பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும், கிழங்கோ வெளியே பார்க்க அப்படியே இருக்கும். பையின் மேல் பெரிதாகப் பெயர் எழுதுங்கள். டாஃபடில் விஷம், வெங்காயம் என்று யாராவது எடுத்து நறுக்கிவிடக் கூடாது.

ஆழத்துக்குக் கணக்கு எளிது: கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு குழி. 5 செ.மீ. உயரக் கிழங்குக்கு 15 செ.மீ. குழி தோண்டினால் தலைக்கு மேல் 10 செ.மீ. மண் நிற்கும். துலிப்புக்கு 15-20, டாஃபடிலுக்கும் ஹயசிந்துக்கும் 15, குரோக்கஸுக்கு 8-10 செ.மீ. மேலாக நட்டால் டாஃபடில் குட்டிக் கிழங்குகளாகப் பிரிந்துகொண்டே போய்ப் பூப்பதை நிறுத்திவிடும். இடைவெளி துலிப்புக்கு 10-12, டாஃபடிலுக்கு 15, குரோக்கஸுக்கு 5-8 செ.மீ. கூர்முனை மேலே இருக்கட்டும். எது மேல் என்று புரியாவிட்டால் படுக்கவைத்து நடுங்கள், தண்டு தானே வளைந்து வந்துவிடும்.

குளிரைவிட அதிகம் கிழங்குகளைக் கொல்வது தேங்கும் தண்ணீர். 30 செ.மீ. குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள், வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது சில மணி நேரத்தில் இறங்காவிட்டால் அங்கே நடாதீர்கள், 20 செ.மீ. மேட்டுப்பாத்தி போடுங்கள். களிமண்ணில் குழியின் அடியில் மட்டும் மணல் போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், சுற்றியிருக்கும் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் வந்து நிற்கும். பாத்தி முழுவதையும் கொத்தி மக்கு உரம் கலப்பதுதான் வழி. மண் காய்ந்திருந்தால் நட்டதும் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

எலும்புத்தூளைக் குழிக்குள் போடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. முதல் வருஷத்துக்கான சாப்பாடு கிழங்கிலேயே இருக்கிறது. எலும்பு வாசனைக்கு நாய் வந்து தோண்டுவதுதான் மிச்சம். துலிப்பையும் குரோக்கஸையும் அணில் தோண்டித் தின்னும். நட்ட இடத்தில் சிதறிய தோலைப் பொறுக்கிவிட்டு, கோழிவலையை விரித்து ஓரங்களை மண்ணில் புதையுங்கள், முளை தெரிந்ததும் எடுத்துவிடலாம். டாஃபடிலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, விஷம் என்று அணிலுக்கும் தெரியும்.

பூ வாடியதும் தலையை மட்டும் கிள்ளுங்கள். இலையை வெட்டுவது, முடிச்சுப் போடுவது, பின்னல் போடுவது எதுவும் வேண்டாம். அடுத்த மொட்டுக்கான சத்தை அந்த இலைதான் சேர்க்கிறது, குறைந்தது ஆறு வாரமாவது நின்று தானாக மஞ்சளாகட்டும்.

அப்படியும் இரண்டாம் வருஷம் துலிப் ஏமாற்றலாம். நட்ட தாய்க் கிழங்கு பூத்ததும் கரைந்துபோய், அதன் இடத்தில் சின்னச் சின்னக் குட்டிகள் வருகின்றன. அவை பூக்கும் அளவுக்குப் பருக்காவிட்டால் மறுபடியும் ஒற்றை இலைதான். அதனால் துலிப்பை ஒரு பருவத்துச் செடி என்றே வைத்துக்கொண்டு வருஷாவருஷம் புதிதாக நடுபவர்கள் அதிகம். திரும்ப வர வேண்டுமென்றால் டார்வின் ஹைபிரிட் ரகங்களையோ குட்டையான காட்டுத் துலிப்களையோ கேட்டு வாங்குங்கள். டாஃபடிலில் பூ குறைந்தால் கூட்டம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இலை காய்ந்ததும் தோண்டியெடுத்து, கையால் பிரித்து, 15 செ.மீ. தள்ளித்தள்ளி நடுங்கள்.