உள்ளே போனால் என்ன கேட்பார்கள்?

மனநலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, திருச்சியில் பணிபுரியும் உளவியலாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. வங்கியில் வேலை. ஒரு வருடமாக நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. எங்கள் டாக்டர் ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டார். வரும் புதன்கிழமை முதல் செஷன். என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்வது என்று இப்போதே படபடப்பு கூடிவிட்டது. கணவரும் கூட வருகிறேன் என்கிறார். வரலாமா?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: புதன்கிழமைக்காக எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். "எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை" என்று ஆரம்பித்தால் போதும். என்னிடம் வருபவர்களில் பலர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

ரிப்போர்ட்டுகள் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் கவரை மறக்காமல் எடுத்துப் போங்கள். நம் ஊரில் மனசு நேராக மனசு என்று பேசாது. வாயு என்று பேசும், தலைபாரம் என்று பேசும், "நெஞ்சுல என்னமோ பண்ணுது" என்று பேசும். அதனால் இதய டாக்டர், வயிற்று டாக்டர் எல்லாரையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எங்கள் வாசலுக்கு வருவார்கள். அதில் தப்பில்லை. தைராய்டு கூடினால் நிஜமாகவே படபடக்கும், குறைந்தால் மனச்சோர்வு போலவே இருக்கும். அதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு வந்தால் எங்கள் வேலை சுலபம். இப்போது ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அந்த அட்டையையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சினிமாவில் காட்டுகிற சாய்வுப் படுக்கையெல்லாம் பெரும்பாலும் இருக்காது. இரண்டு மூன்று நாற்காலி, தண்ணீர் பாட்டில், டிஷ்யூ டப்பா, அவ்வளவுதான். என் அறையில் கடிகாரம் மட்டும் இரண்டு உண்டு. ஒன்று வருபவரின் முதுகுப் பக்கம், நான் பார்ப்பதற்கு. அழுதுகொண்டிருப்பவர் முன்னால் கையைத் திருப்பி மணி பார்த்தால் பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இன்னொன்று அவர் பார்ப்பதற்கு. இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று தெரிந்தால்தான் சிலருக்குப் பேச்சே வரும்.

செஷன் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை போகும். முதல் நாள் கொஞ்சம் நீளலாம். அன்றைக்குக் கேட்பதெல்லாம் பெரும்பாலும் சாதாரணக் கேள்விகள். எப்போது படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், ஆபீஸ் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா. "ஒரு வருடமாக என்கிறீர்களே, போன வருடம் இதே சமயத்தில் என்ன நடந்தது?" என்று கட்டாயம் கேட்பார். அதை மட்டும் பஸ்ஸில் போகும்போது யோசித்துப் பாருங்கள். இடமாற்றம், ஒரு சாவு, கடன், கருக்கலைவு, மாமியார் வீட்டோடு வந்து தங்கியது, எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு தாளை நீட்டி டிக் போடச் சொல்லலாம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா என்று 9 கேள்விகள் இருக்கும், பூஜ்யத்திலிருந்து 3 வரை மதிப்பெண். நல்ல பிள்ளை மாதிரி குறைத்துப் போடாதீர்கள். சிலர் அதையும் பரீட்சை என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் விடை கேட்கிறார்கள்! அதில் கடைசிக் கேள்வி, செத்துப் போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. உங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்பதல்ல, எல்லாரிடமும் கேட்பது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். புதன்கிழமைக்கு முன்பே அந்த நினைப்பு தாங்க முடியாமல் வந்தால் காத்திருக்க வேண்டாம், 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்கிற அரசுச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

பிடிக்காத கேள்விக்கு "இது இப்ப வேண்டாம் மேடம்" என்று சொல்லலாம். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இனி உங்கள் கணவர். தாராளமாக வரட்டும். ஆனால் பெரும்பாலான நேரம் வெளியே உட்காரட்டும். என் அறையில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். மனைவியைப் பார்த்து, "எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்பேன். "நல்லாத்தான் தூங்குறா மேடம், ஃபோனைத்தான் கீழ வைக்கிறதில்ல" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வரும். அந்தப் பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே தலையாட்டுவார். கணவரை ரிசப்ஷனில் ஒரு ஃபாரம் நிரப்ப அனுப்பிவிட்டு அதே கேள்வியைக் கேட்டால், மூன்று மணிக்கு எழுந்து சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பது வெளியே வரும். அவரைக் குறை சொல்லவில்லை. பயத்தில்தான் இவருக்கும் சேர்த்துப் பேசுகிறார். முதல் பத்து நிமிடம் உள்ளே இருந்து அவர் கவனித்ததைச் சொல்லட்டும், அது எங்களுக்குப் பயன்படும். அப்புறம் வெளியே போகட்டும். அவரிடம் நேராகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், முன்கூட்டியே கிளினிக்குக்கு ஃபோன் செய்து, "நான் தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லிவையுங்கள். வெளியே அனுப்புவது எங்கள் பொறுப்பு.

முடிந்து வந்ததும் லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பலருக்கு அன்று சாயங்காலம் அசதியும் தலைவலியும்தான் இருக்கும். பூட்டி வைத்ததைப் பேசினால் அப்படித்தான். செஷன் முடிந்து நேராக கவுண்டரில் போய் உட்காராமல் அரை நாள் லீவு போடுங்கள். இன்னொன்று, சொல்ல வந்த முக்கியமான விஷயம் கடைசி ஐந்து நிமிடத்தில், செருப்பு மாட்டும்போதுதான் வாயில் வரும். எங்களுக்குப் பழக்கமான சங்கதி. அடுத்த வாரம் அதிலிருந்தே ஆரம்பிப்பார்கள்.

கிளம்பும் முன் நீங்களும் கேளுங்கள். எனக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், எந்த முறையில் செய்யப் போகிறீர்கள், சுமார் எத்தனை செஷன், ஒரு வாரம் வர முடியாவிட்டால் ஃபீஸ் உண்டா, நடுவில் ஃபோன் செய்யலாமா. இப்படிப்பட்ட படபடப்புக்கு வாரம் ஒன்றாக 12 முதல் 20 செஷன் என்பது பரவலான கணக்கு. முதல் நாளிலேயே "ரெண்டே செஷன்ல சரி பண்ணிடுறேன்" என்பவரை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: தெருவுக்குத் தெரு 'கவுன்சலிங்' போர்டு தொங்குகிறது. யார் படித்தவர், யார் போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாத்திரையும் அவரே தருவாரா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: மாத்திரை எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்த டாக்டர். பேசிச் சரிசெய்கிற எங்களுக்கு மாத்திரை எழுத அதிகாரம் கிடையாது. எழுதித் தந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து தேவைப்படுகிறவர்களும் உண்டு.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட்டால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு இருக்க வேண்டும். எங்கள் தலைமுறையில் பெரும்பாலும் முதுகலைக்கு மேல் இரண்டு வருடம் மருத்துவமனையில் பயிற்சியோடு எம்.ஃபில். முடித்தவர்கள். பதிவு எண் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, என்னிடமும் கேட்கிறார்கள், சுவரைக் காட்டுகிறேன். எம்.எஸ்சி. உளவியலோ மருத்துவ சமூகப் பணியோ படித்துவிட்டு மிக நன்றாகக் கவுன்சலிங் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எங்கே பயிற்சி எடுத்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் என்று கேளுங்கள். வார இறுதிக் கோர்ஸ் சான்றிதழை லேமினேட் செய்து மாட்டியிருப்பவரிடம் கை ரேகை பார்த்துக்கொள்ளலாம், செலவாவது மிச்சம்.

பணம் இடித்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், இலவசம். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்ததே எங்கள் திருச்சியில்தான், 1997இல். கூட்டம் இருக்கும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வாய்ப்புக் குறைவு. ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல இடம்.

கேள்வி: வயது 41. சின்ன பனியன் யூனிட் நடத்துகிறேன். நாலு முறை போய்விட்டேன். ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. "உங்களுக்கு என்ன தோணுது?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். அதற்கு எதற்கு ஆயிரம் ரூபாய்?
— கோபமாக, திருப்பூர்

பதில்: அறிவுரைக்கு உங்களுக்கு என்ன பஞ்சம்? வீட்டில், கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் இலவசமாகவே கிடைத்திருக்கும். அது வேலை செய்திருந்தால் நீங்கள் அங்கே போயிருக்க மாட்டீர்கள்.

அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று பார்ப்போம். காலையில் உங்களுக்கு ஆர்டர் தருகிற பையருக்கு ஃபோன் போடுகிறீர்கள், எடுக்கவில்லை. அடுத்த நொடி "ஆர்டர் போச்சு" என்று ஓடும். அதற்கடுத்து "சம்பளம் போட முடியாது". வயிறு கலங்கும். மேஸ்திரியிடம் எரிந்து விழுவீர்கள். மத்தியானம் பையரே கூப்பிட்டு, மீட்டிங்கில் இருந்தேன் என்பார். மேஸ்திரியைத் திட்டியது திட்டியதுதான். ஃபோன் எடுக்கவில்லை என்பது நடந்தது. ஆர்டர் போச்சு என்பது நீங்கள் நினைத்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு நொடியைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொடுப்பதுதான் அறிதல்-நடத்தை சிகிச்சை. 1960களில் ஆரோன் பெக் என்கிற அமெரிக்க மனநல மருத்துவர் வகுத்தது. உங்களுக்கு என்ன ஓடியது என்று உங்களைத்தானே கேட்க முடியும்?

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நாலு செஷன் ஆன பிறகும், நாம் எதைச் சரிசெய்யப் பார்க்கிறோம், அதற்கு வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அது அவர் சொல்லியிருக்க வேண்டியது. ஐந்தாவது முறை உட்கார்ந்ததும் இதையே கேளுங்கள், கோபத்தோடும் கேட்கலாம். நல்ல தெரபிஸ்ட்டுக்கு அது சந்தோஷமான விஷயம். தெளிவான பதில் வராமல் மறுபடியும் தலையாட்டல்தான் என்றால் ஆளை மாற்றுங்கள். உங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போவது படித்த பட்டத்தை விட முக்கியமாகிப் போவதுண்டு.

காத்திருக்கவே கூடாத சில சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. சாதி விசாரிப்பவர், பரிகாரம் சொல்பவர், உங்களிடம் கைமாற்றுக் கேட்பவர், தொட்டுப் பேசுபவர், கிளினிக்குக்கு வெளியே சந்திக்கலாம் என்பவர். இவர்களிடம் இன்னொரு செஷன் போகவே வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, கல்லூரி மாணவன். தெரபிக்குப் போகிறான். என்ன பேசினான் என்று அந்தம்மாவிடம் கேட்டால் சொல்ல மறுக்கிறார். பீஸ் கட்டுவது நான். பெற்றவனுக்கு உரிமை இல்லையா?
— ஒரு தகப்பன், தூத்துக்குடி

பதில்: ஐயா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அந்தம்மா செய்தது சரி. 18 முடிந்தவர் சிகிச்சையில் பேசியதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவு, அந்த ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. உங்கள் மகன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, அவனால் இன்னொருவருக்கு ஆபத்து என்றாலோ, கோர்ட் உத்தரவிட்டாலோ விஷயம் வேறு. குழந்தையை யாராவது பாலியல் வன்முறை செய்வது தெரியவந்தாலும் நாங்கள் மறைக்க முடியாது, போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும். மற்றபடி மார்க் குறைந்தது, காதல், உங்கள் மேல் உள்ள கோபம் எல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கும். இருக்கும் என்று தெரிந்ததால்தான் அவன் பேசுகிறான்.

நீங்கள் சொல்வதை அவர் கேட்டுக்கொள்ளத் தடையில்லை. ராத்திரி சாப்பிடுவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று கவனித்ததைச் சொல்லுங்கள். சொன்னதை மகனிடமும் மறைக்காதீர்கள். மூவரும் சேர்ந்து ஒரு செஷன் உட்காரலாமா என்று மகனிடமே கேட்டுப் பாருங்கள். திரும்பி வரும் வழியில் வண்டியில் வைத்து, "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவன் அடுத்த வாரம் பேசப் போவதை இந்த வாரமே தணிக்கை செய்யத் தொடங்கிவிடுவான். வழியில் எங்காவது நிறுத்தி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், போதும்.

கேள்வி: ஆன்லைனில் பேசினால் அதே பலன் கிடைக்குமா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு நன்றாகவே பலன் தருகிறது. நெட்டை விட நம் வீடுகளில் கதவுதான் பிரச்சினை. ஹாலில் டிவி, பக்கத்தில் பாட்டி, நீங்கள் "ம்… ஆமா மேடம்… அதான்…" என்று சங்கேத மொழியில் பேசிக்கொண்டிருப்பீர்கள். என்னிடம் மொட்டை மாடி தண்ணீர்த் தொட்டி நிழலிலிருந்து பேசுபவர்களும் இருக்கிறார்கள், நிறுத்திய காருக்குள்ளிருந்து பேசுபவர்களும் இருக்கிறார்கள். ஹாஸ்டல் என்றால் ரூம்மேட் வகுப்புக்குப் போகிற நேரத்தைப் பார்த்து ஸ்லாட் கேளுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம். யாராவது திடீரென்று உள்ளே வந்தால் "அப்புறம் அசைன்மென்ட் எப்ப மேடம்?" என்று கேளுங்கள், நாங்கள் புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவோம். இந்த ஏற்பாட்டை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.