கேமராவை விடுங்கள், வரைபடத்தைப் பாருங்கள்: போகிமான் கோ கேள்வி பதில்

பள்ளி நாளில் கேம்பாய் என்ற கைக்கருவி, 2016 முதல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தெருக்களில் போகிமான் கோ. தெருவில் நடந்து, போன் வரைபடத்தில் தெரியும் போகிமான் என்ற கற்பனை விலங்குகளைப் பிடிக்கும் ஆட்டம் அது. இந்த ஆட்டத்தோடு என் பழக்கம் அவ்வளவு நாள். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்று: ரோட்டில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். போன் போகும், சில நேரம் பல்லும் போகும்.

பீனிக்ஸ் தம்பி: அண்ணே, கடற்கரைப் பக்கம் எட்டு அடிக்கு ஒரு ஸ்டாப். எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லையே?

நல்ல கேள்வி, தம்பி. ஸ்டாப் என்றால் வரைபடத்தில் தட்டிப் பொருள் வாங்கும் நிஜ இடம். இந்த ஆட்டத்தைச் செய்த நியாண்டிக் கம்பெனி 2012-இல் இன்கிரஸ் என்று ஓர் ஆட்டம் விட்டது. அதை ஆடியவர்கள் சிலை, சுவரோவியம், கோயில், நூலகம் என்று படம் எடுத்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் பின்னால் போகிமான் ஸ்டாப்புகளையும், போகிமான்களை மோதவிடும் ஜிம்களையும் அமைத்தார்கள். டவுனிலும் கடற்கரையிலும் இன்கிரஸ் ஆட ஆள் இருந்தது. டர்பனின் புறநகர்களான பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் விரல்விட்டு எண்ணலாம். கம்பெனி உங்களை ஒதுக்கவில்லை, உங்கள் தெருவைப் பற்றி யாரும் எழுதிப்போடவில்லை, அவ்வளவுதான். இப்போது உயர்ந்த நிலைக்கு வந்த ஆட்டக்காரர்களே புது இடம் முன்மொழியலாம், மற்ற ஆட்டக்காரர்கள் பார்த்து ஒப்புக்கொள்வார்கள். தனி வீடும் பள்ளிக்கூடமும் கூடாது.

எங்கள் தெருக்கோடி கோயிலை நான்தான் போட்டேன். முதல் படத்தைக் காருக்குள் இருந்தே எடுத்தேன். பாதிப் படத்தில் கண்ணாடித் துடைப்பான், மூலையில் கோபுரம். நிராகரித்துவிட்டார்கள், சரிதான். மறுநாள் காலையில் இறங்கி நின்று எடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா: என் போனில் ஏஆர் வேலை செய்யவில்லை.

ஏஆர் என்றால் கேமராவில் தெரியும் இடத்தின்மேல் போகிமானைக் காட்டும் வசதி. அதற்குப் போன் திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப் வேண்டும், உங்கள் போனில் அது இருக்காது. மலிவு போன்கள் பலவற்றில் கிடையாது. ஏஆரை அணைத்துவிட்டு ஆடுங்கள், பேட்டரியும் மிஞ்சும்.

மவுண்ட் எட்ஜ்கோம்ப் பெரியவர்: தம்பி, கோயிலைப் போய் விளையாட்டில் சேர்க்கலாமா? காவடியன்று பையன்கள் சாமியைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறார்கள்.

ஐயா, காவடியன்று நானும் ஆடுவதில்லை. ஆனால் அந்தப் பையன்கள் வாட்ஸாப்பையும்தான் பார்க்கிறார்கள்.

வெருலம் அண்ணாச்சி (இடையில் புகுந்து): பெரியவர் சொல்வதே சரி. செருப்பை வெளியே விடுகிறோம், போனையும் விடலாமே?

விடலாம், அண்ணாச்சி. கோயில் நிர்வாகம் விரும்பாவிட்டால் அந்த இடத்தை நீக்கச் சொல்லிக் கேட்கவும் வழி இருக்கிறது. என் கட்சி வேறு. இந்த ஊரின் வரைபடத்தில் நம் கோயில்கள் தெரிய வேண்டும். ஆட வருகிற வெளி ஆள் ஸ்டாப்பைத் தட்டினால் மாரியம்மன் பேர் வருகிறதா, வரட்டும். வாசலில் நின்றே தட்டலாம், கருவறை வரைக்கும் போக வேண்டியதில்லை.

மவுண்ட் எட்ஜ்கோம்ப் பெரியவர்: வாசலில் என்றால் சரி.

பெயர் சொல்லாதவர்: ஏஆர் வரவில்லை, என்ன செய்ய?

ஜைரோஸ்கோப். அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டோங்காட் மாணவி: பழைய கைக்கருவி ஆட்டத்தை அப்படியே போனில் விட்டிருக்கலாமே?

நின்டெண்டோ தன் கருவியை விற்பதில் அந்த வரிசைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதைப் போனுக்குக் கொடுத்துவிட்டால் கருவியை யார் வாங்குவார்? ஆனால் ஆட்டத்தின் உயிர் போனுக்கு வந்துவிட்டது என்பேன். போகிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். 1996-இல் கேம்பாயில் வந்த ரெட், கிரீன் ஆட்டங்கள் இரண்டில், ஒன்றில் கிடைக்கும் சில போகிமான் மற்றதில் கிடைக்காது. நண்பனைத் தேடிப் போய், இரண்டு கருவிக்கும் கேபிள் போட்டு மாற்றிக்கொண்டால்தான் 150-ம் சேரும். போகிமான் கோ கேபிளை எடுத்துவிட்டு, சில போகிமான்களை ஊர் ஊராகப் பிரித்தது. கழுத்தில் வாழைப்பழம் தொங்கும் டிராப்பியஸ் என்ற போகிமான் பெரும்பாலும் நம் ஆப்பிரிக்காவில்தான் சாதாரணமாகத் திரியும். அத்தை வீட்டுக் கொல்லையில் வாழைத்தார் பக்கத்தில் அதை நிறுத்திப் படம் எடுத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “நம்ம பழம்தான் நல்லாப் பழுத்திருக்கு” என்றார். ஏஆருக்கு நான் கண்ட உபயோகம் அது ஒன்றுதான். ஆரம்பத்தில் அது வெறும் கேமராப் படத்தின்மேல் ஒட்டிய பொம்மை. தரையை அறிந்து நிற்கிற ஏஆர் பிளஸ் 2017 கடைசியில் ஐபோனுக்கு வந்தது. பழகியவர்கள் பலரும் இன்றும் அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள்.

ஒருவர்: நின்டெண்டோதானே செய்தது?

இல்லை. செய்தது நியாண்டிக், கூகுளுக்குள் பிறந்து 2015-இல் பிரிந்த கம்பெனி. 2016-இல் நின்டெண்டோ பங்கு கிடுகிடுவென ஏறியது. லாபத்தில் தனக்குப் பெரிதாக வராது என்று அதுவே சொன்னதும் இறங்கியது. 2025-இல் நியாண்டிக்கின் ஆட்டப் பிரிவை ஸ்கோப்லி என்ற கம்பெனி வாங்கிவிட்டது.

இன்னொருவர்: போலி ஜிபிஎஸ் போட்டால் வீட்டிலிருந்தே...

கணக்கு போகும். அடுத்தவர்.

இன்னுமொருவர்: ஏஆர்...

ஜைரோஸ்கோப்!

இசிபிங்கோ தம்பி: காரில் போனால் முட்டை பொரியுமா?

ஆட்டத்தில் கிடைக்கும் முட்டை நடந்த தூரத்தைக் கணக்கிட்டுத்தான் பொரியும். வேகம் கூடினால் தூரம் கணக்கில் வராது. நடந்து போங்கள். 2018-இல் வந்த அட்வெஞ்சர் சிங்க்கைப் போட்டுவிட்டால் ஆட்டத்தைத் திறக்காமலே அடி எண்ணும். ஆக, போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.