கல்யாண மண்டபத்தில் கருத்தரங்கு நடத்தலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா கட்டிய கல்யாண மண்டபத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். நானூறு பேர் உட்காரலாம். சனி, ஞாயிறில் கல்யாணம், பிறந்தநாள் என்று ஓடிவிடுகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டுதான். ஓட்டல் நிர்வாகம் படித்த என் மகள், ‘கோலாலம்பூர், பினாங்கு மாதிரி நாமும் மாநாட்டு மையம் கட்டுவோம், கூடவே இருபது அறை கட்டுவோம்’ என்கிறாள். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் செய்ய வேண்டும் என்பதும் அவள் ஆசை. கடன் வாங்கி இறங்கலாமா? தோட்டத்து ஊருக்கு இதெல்லாம் ஒத்துவருமா?"

ஒத்துவரும் ஐயா. ஆனால் கடன் வேண்டாம், இருபது அறையும் வேண்டாம். உங்கள் மகளின் ஆசை சரியானது, கட்டடம்தான் தப்பு.

மாநாட்டுச் சுற்றுலா என்றதும் கண்முன் வருவது பெரிய அனைத்துலக மாநாடுகள். அந்தத் துறையின் உலகச் சங்கமான இக்கா, குறைந்தது ஐம்பது பேர் கலந்துகொண்டு, மூன்று நாடுகளுக்காவது மாறி மாறிப் போகும் கூட்டங்களைத்தான் தன் கணக்கில் சேர்க்கிறது. அவற்றை மலேசியாவுக்குக் கொண்டுவருவதற்கென்றே மைசெப் என்ற அமைப்பு 2009 முதல் வேலை செய்கிறது. விமான நிலையம், பெரிய ஓட்டல்கள், பல ஆண்டுகளுக்கு முன்பே போட்டி போட்டு இடம் பிடிக்கும் வசதி எல்லாம் அதற்கு வேண்டும். நம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டையே பாருங்கள். 1966-இல் கோலாலம்பூரில்தான் தொடங்கியது. 1987, 2015, 2023 என்று இந்த நாட்டுக்குத் திரும்பி வந்த போதும் கோலாலம்பூருக்குத்தான் வந்தது. அந்த ஆட்டத்தில் சுங்கை சிப்புட் இறங்க முடியாது, இறங்கவும் தேவையில்லை.

உங்களுக்கானவை முப்பதிலிருந்து எண்பது பேர் வரை வரும் ஒருநாள் கூட்டங்கள். எங்கிருந்து வருவார்கள் என்கிறீர்களா? பத்து பேரோ அதற்கு மேலோ மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்குப் பயிற்சி வரியாகக் கட்டுகின்றன. அந்தப் பணத்தைப் பயிற்சிக்குத்தான் திரும்பப் பெற முடியும் என்பதால் ஆண்டு முழுவதும் எங்காவது பயிற்சி நடந்துகொண்டே இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களுக்கு எம்.எஸ்.பி.ஓ. என்ற நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்று 2020 ஜனவரி முதல் கட்டாயம். பூச்சிமருந்து கையாள்வது, பாதுகாப்பு, பதிவேடு எழுதுவது என்று தொழிலாளர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் அதற்காகப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். இந்தக் கூட்டங்களுக்குப் பட்டண ஓட்டலைவிட உங்கள் மண்டபம் கிட்டே. அப்புறம் கூட்டுறவுச் சங்கங்கள். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கிய துன் சம்பந்தன் பிறந்த ஊர் உங்களுடையது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் உறுப்பினர் பயிற்சிக்கும் இடம் தேடும் சங்கங்களிடம் ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் எந்த ஊருக்கு இருக்கிறது?

இனி மண்டபத்துக்கு வருவோம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூட்டங்கள் ஏற்பாடு செய்து வருகிறேன். கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடத்தும்போது எனக்கு எப்போதும் இடறுவது ஒன்றுதான்: நாதஸ்வரத்துக்குக் கட்டிய இடத்தில் ஒரு மனிதர் மெதுவாகப் பேசினால் கேட்காது. சின்ன ஊர் மண்டபம் ஒன்றில் பாதுகாப்புப் பயிற்சி வைத்திருந்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை. பயிற்சியாளர் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தார், பிறகு பேசுவதை விட்டுவிட்டு வெள்ளைப் பலகையில் எழுத ஆரம்பித்தார். மழை விடும் வரை நாற்பது பேரும் படம் பார்ப்பது போல அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நிறுவனம் மறுபடி அங்கே போகவில்லை.

ஆகவே நானூறு பேர் கூடத்துக்கும் ஏர்கோன் போடாதீர்கள். ஒரு ஓரத்தை அறுபது பேர் அமரும் அளவுக்கு மட்டும் தடுத்து, மேலே வெப்பமும் சத்தமும் இறங்காதபடி நல்ல உட்கூரை போட்டு, அந்த அறைக்கு மட்டும் குளிர்சாதனம் வையுங்கள். நம் வெயிலில் இப்படிப்பட்ட இடத்தில் மின்கட்டணத்தைத் தின்பது குளிரூட்டுவதுதான். குளிரூட்டும் இடத்தைச் சுருக்குவதை விடப் பெரிய பசுமை வேலை ஒரு மண்டபத்தில் இல்லை. சூரியத் தகடு அடுத்த கட்டம், முதலில் வேண்டாம். நாற்காலிக்குப் பக்கத்தில் மின் இணைப்பு, தடையில்லாத இணையம், நாற்றமில்லாத கழிவறை இந்த மூன்றையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். தடுப்புச் சுவர் எழுப்பும் முன் நகராண்மைக் கழகத்திலும் தீயணைப்புத் துறையிலும் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் இடிக்க வேண்டி வரலாம்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பல மண்டபக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். நிறுவனக் கூட்டத்துக்கு மலாய்க்காரர்கள் வருவார்கள். இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் சான்று உள்ள சமையல்காரர் இல்லாவிட்டால் முதல் தொலைபேசியிலேயே பேச்சு முடிந்துவிடும். உங்கள் கல்யாணச் சமையற்கட்டைக் கலக்காமல், வெளியிலிருந்து ஹலால் உணவு வரவழைத்துப் பரிமாறத் தனி இடம் ஒதுக்குங்கள். தொழுகைக்குச் சுத்தமான சின்ன அறை, கால் கழுவக் குழாய். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்கு இடம்விட்டு அட்டவணை போடுங்கள். சைவச் சாப்பாட்டை ‘கேட்டால் தருவோம்’ என்று வைக்காமல் முதல் வரிசையிலேயே வையுங்கள்.

குப்பைக்கு வருகிறேன். கூட்டம் முடிந்த அறையை நீங்கள் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும். மேசைக்கு மேசை பாதி குடித்த தண்ணீர் பாட்டில். எது யாருடையது என்று தெரியாததால் ஒவ்வொரு இடைவேளைக்கும் புது பாட்டில் திறப்பார்கள். மாலையில் அவ்வளவையும் கொட்டி, பாட்டிலைச் சாக்கில் கட்டுவது துப்புரவு அக்காவின் வேலை. இதற்கு மருந்து உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கோலகங்சார் பக்கம் சாயோங்கில் செய்யும் கறுப்புக் களிமண் கூஜா, லாபு சாயோங். அதில் ஊற்றிய தண்ணீர் தானே குளிர்ந்திருக்கும். மேசைக்கு ஒரு கூஜா, ஆளுக்கு ஒரு கண்ணாடிக் குவளை. பாட்டில் செலவு மிச்சம், சாயோங் குயவர்களுக்கும் வேலை, வந்தவர்கள் படம் எடுத்துப் போவார்கள்.

சோற்றில் நம் பழக்கமே நமக்கு எதிரி. பற்றாமல் போனால் மானம் போகும் என்று அறுபது பேருக்குத் தொண்ணூறு பேர் சோறு வடிப்போம். கல்யாணத்தில் அது சரி, கூட்டத்துக்கு வருபவர்கள் எண்ணிக்கை முன்கூட்டியே தெரியும். இரண்டு நாள் முன்பு உறுதியான எண்ணிக்கை வாங்குங்கள். குழம்பு, காய்கறியைச் சின்னத் தட்டில் வைத்துத் தீரத் தீர நிரப்புங்கள். மிஞ்சியதை எடை போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நிகழ்ச்சிகளுக்கான பசுமைத் தரமான ஐ.எஸ்.ஓ. 20121, லண்டன் ஒலிம்பிக்ஸ் நடந்த 2012-இல் வந்தது. அதன் சாரமும் இதுதான்: எங்கே கேடு என்று பார், இலக்கு வை, அள, அடுத்த முறை திருத்து. சான்றிதழுக்குப் பணம் கட்டாமலே அந்த நோட்டை உங்கள் மகள் நாளைக்கே தொடங்கலாம்.

கரிமப் புகையில் பெரும்பங்கு வந்து போகும் பயணத்தில்தான். உங்கள் ஊரில் ஈ.டி.எஸ். என்ற மின்சார விரைவு ரயில் நிற்கிறது. எல்லா வண்டியும் நிற்காது, அதனால் நிற்கும் வண்டியின் நேரத்தைப் பார்த்துக் கூட்டத்தின் தொடக்க நேரத்தை வையுங்கள். நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு ஊர்ப் பள்ளி வேன்காரர்களைப் பேசிவைக்கலாம். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு காலையில் அவர்கள் சும்மாதான் இருப்பார்கள். இரவு தங்குகிறவர்களை ஈப்போ ஓட்டல்களுக்கும் ஊரிலுள்ள விடுதிகளுக்கும் அனுப்புங்கள். வாரத்தில் இரண்டு இரவுக்காக இருபது அறையைக் கட்டித் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மறுநாள் அரைநாள் சுற்றிக் காட்டக் கேட்பார்கள். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதைக் காட்டுங்கள். 1948-இல் மலாயாவில் அவசரகாலம் பிறக்கக் காரணமான கொலைகள் உங்கள் ஊர்த் தோட்டங்களில்தான் நடந்தன. அதைச் சொல்ல ஒரு பெரியவரைப் பிடியுங்கள், சொல்வதற்குக் காசு கொடுங்கள். பால் வெட்டும் இடத்துக்கு அழைத்துப் போவதானால் தோட்ட நிர்வாகியிடமும் வெட்டுபவரிடமும் முதலில் கேளுங்கள். லயத்து வாசலில் நின்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்க யாரையும் விடாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வீடு.

காசுக் கணக்கை ஓர் உதாரணத்தில் போடுகிறேன். ஆளுக்கு 70 ரிங்கிட், நாற்பது பேர் என்றால் ஒரு நாளைக்கு 2,800 ரிங்கிட். பசியாறலும் மதியச் சாப்பாடும் தேநீரும் ஆளுக்கு 30 என்று 1,200 போனால் அது ஊர்ச் சமையல்காரருக்கு. வேன், துப்புரவு, பரிமாறும் இரண்டு பிள்ளைகள் என்று 500. மின்சாரம், பராமரிப்பு 300. மிஞ்சுவது 800. வாரத்துக்கு ஒரு கூட்டம் வந்தாலே பூட்டிக் கிடந்த நாளில் வந்த காசு. அதைவிட, 1,700 ரிங்கிட் உங்கள் ஊரிலேயே நாலு வீட்டுக்குப் போகிறது. தூரத்து நிறுவனம் நடத்தும் பெரிய மையத்தில் இந்தப் பங்கு ஊரைவிட்டுப் போய்விடும். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே இந்தப் பங்குதான்.

முதல் கூட்டத்துக்கு வெளியே தேட வேண்டாம். உங்கள் ஊர்க் கோயில் நிர்வாகமோ பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆண்டுக் கூட்டம் நடத்தத்தான் போகிறது. அந்த ஓர அறையைத் தடுத்ததும் அவர்களை வாடகையில்லாமல் ஒருநாள் கூப்பிடுங்கள். நீங்கள் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, பேசுவது கேட்கிறதா, முதுகு வியர்க்கிறதா, கழிவறைக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்த பிறகு பக்கத்துத் தோட்ட அலுவலகங்களுக்கு உங்கள் மகளை அனுப்புங்கள், கையில் விலைப்பட்டியலோடும் அந்த எடை நோட்டோடும்.