அண்ணாச்சிகிட்ட கேளுங்க: கடிச்சது நாயா, வளத்த ஆளா?

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். எங்க வீட்டுல ஒரு மாசமா இதே சண்டைதான். என் கொழுந்தனாரு ராட்வைலர் நாய்க்குட்டி வாங்கப்போறேன்னு அட்வான்ஸே குடுத்துட்டு வந்துட்டாரு. அத்தை, "அது கொலகார ஜாதி, அது இந்த வாசப்படி ஏறுச்சுன்னா நான் மக வீட்டுக்குப் போயிருவேன்"ங்காவ. எங்க வீட்டுக்காரரு, "நாய்ல நல்லது கெட்டதுன்னு கெடையாது, எல்லாம் வளக்கவன் கையிலதான் இருக்கு"ங்காவ. எனக்கு 4 வயசுல ஒரு பையன் இருக்கான். யாரு சொல்லுதது சரி?
- ஒரு வாசகி, கேடிசி நகர், திருநெல்வேலி

பதில்: தங்கச்சி, அத்தை சொல்லுததுலயும் பாதி இருக்கு, வீட்டுக்காரரு சொல்லுததுலயும் பாதி இருக்கு, ஆனா ரெண்டு பேரும் சொல்லாம விட்ட எடத்துலதான் ஒங்க பையன் நிக்கான். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க.

மொதல்ல என் கதை. எனக்கு ஒரு 9 வயசு இருக்கும். நாங்குநேரி பக்கம் எங்க தாத்தா வீட்டுத் தொழுவத்துல ஒரு ராஜபாளையம் நாயி கெடந்துச்சு, வெள்ள வெளேர்னு, மூக்கு மட்டும் ரோஸ் கலர்ல. பகல் பூரா வேப்பமரத்துல சங்கிலிதான். அந்தச் சங்கிலி எட்டுற தூரத்துக்கு வட்டமா ஒரு புல்லு முளைக்காது, செக்கு மாடு சுத்துன எடம் மாதிரி தரை தேஞ்சு கெடக்கும், மரத்துல சங்கிலி உரசி உரசி பட்டை போயி வழவழன்னு ஒரு பள்ளமே விழுந்துட்டு. ஒரு நா அது தூங்கிட்டு இருக்கும்போது பைய பின்னால போயி முதுகுல கைய வெச்சேன். திரும்புனதுதான் தெரியும். எடது முழங்கைக்குக் கீழ ரெண்டு பல்லு, தழும்பு இப்பவும் இருக்கு. ஊரே "ராஜபாளையம்னா அப்பிடித்தான், அது ரத்தத்துலயே இருக்கு"ன்னுச்சு, தாத்தா வாரியலக் கொண்டு நாயப் போட்டு நாலு சாத்து சாத்துனாவ.

ரொம்ப வருசம் கழிச்சு, நானே நாய் வளக்க ஆரம்பிச்ச பொறவு, ஒரு கால்நடை டாக்டர்கிட்ட இந்தக் கதையச் சொன்னேன். அவரு கேட்ட மொத கேள்வி, "அதுக்குக் காது கேக்குமா?" சுத்த வெள்ளையா, மூக்குல கருப்பே இல்லாம வர்ற ராஜபாளையத்துல செவிடு வாரது சகஜமாம், தோலுக்கு நிறம் குடுக்குற செல்லு உள்காதுக்கும் வேணுமாம், அது இல்லாமப் போனா காது போயிரும்னாரு. அப்பதான் யோசிச்சுப் பாத்தேன், நாங்க கூப்புட்டு அந்த நாயி ஒரு நாளும் திரும்புனது கெடையாது. நாங்க அதத் திமிருன்னுலா நெனச்சோம்! வெள்ளையாத்தான் வேணும்னு ஆசப்பட்டுப் பெருக்குனது மனுசன், கட்டிப்போட்டது தாத்தா, தூங்குறப்பப் பின்னால போனது நான். நாயி பதறிப்போயி திரும்புச்சு, அம்புட்டுதான். அடி வாங்குனது மட்டும் அது.

இப்ப ராட்வைலருக்கு வாரேன். அத்தை சொல்லுத அந்த "ஜாதி" விசயம் இருக்குலா, அத ஆராய்ச்சிக்காரங்க பெருசா எடுத்துப் பாத்துருக்காவ. 2022ல சயின்ஸ் பத்திரிகையில வந்துச்சு, 18,000க்கு மேல நாய்ங்களோட விவரத்த வெச்சுப் பாத்ததுல, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் கொணத்துல இருக்குற வித்தியாசத்துல இனம் காரணமா இருக்குறது சுமார் 9 சதவீதம்தான்னு. மீதி அந்தந்த நாயோட பொறப்பு, வளந்த வீடு, வயசு, பட்ட பாடு. அதனால ராட்வைலர்னு பேரு கேட்டதுமே இது கடிக்கும்னு முடிவு கட்டுதது சரியில்ல. ஜெர்மனியில ராட்வைல்ங்குற ஊர்ல மாடு ஓட்டவும் கறிக்கடைக்காரங்க வண்டி இழுக்கவும் வெச்சிருந்த நாய்தான் அது.

இதக் கேட்டுட்டு வீட்டுக்காரரு துள்ளாண்டாம். கடிக்குமா கடிக்காதாங்குறதுல வளப்புக்குப் பெரிய பங்கு இருக்கு சரி, கடிச்சா என்ன ஆகும்ங்குறதுல இனத்துக்குத்தானே பங்கு? எங்க தெருவுல ஒரு பொமேரியன் இருக்கு, போஸ்ட்மேன், பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுத தம்பி எல்லாரையும் ஒரு தடவையாவது பல்லு பதிய வெச்சிருக்கு. அதுக்கு 6 கிலோ இருக்கும், செருப்பத் தூக்குனா ஓடிரும். வளந்த ஆண் ராட்வைலர் சுமாரா 50 கிலோ இருக்கும், 60 வரைக்கும் போவும், அது ஒரு தடவ தப்புப் பண்ணுனா அந்தத் தடவையே போதும். பிட்புல் கதையும் அப்பிடித்தான். இங்கிலாந்துல காளை மேல நாய ஏவி விட்டு வேடிக்கை பாத்தாவ, 1835ல அதச் சட்டம் போட்டு நிப்பாட்டுனாவ, பொறவு நாயும் நாயும் சண்டை விட்டாவ, அதுக்குன்னே புடிச்சா விடாத நாயாப் பாத்துப் பாத்துப் பெருக்குனாவ. அதோட தாடை பூட்டு மாதிரி லாக் ஆயிரும்னு சொல்லுதது சுத்தக் கதை, அப்பிடி ஒரு எலும்பும் கெடையாது. ஆனா புடிச்சுட்டு உதறும், அது உண்மை. 2022ல லக்னோவுல 82 வயசு அம்மா ஒருத்தங்க வீட்டுல வளத்த பிட்புல் கடிச்சே செத்துப்போனாவ. 2024 மே மாசம் சென்னை ஆயிரம்விளக்குல மாநகராட்சிப் பூங்காவுல 5 வயசுப் புள்ளைய ரெண்டு ராட்வைலர் கடிச்சுக் கொதறுச்சு, நாய்க்காரரப் போலீஸ் கைது பண்ணுச்சு. கூட ஒரு பெரிய ஆளு கையில கயிறப் புடிச்சுட்டு நின்னுருந்தா அது நடந்துருக்குமான்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சு நடந்துருக்காது.

இதுக்கு ஊர் ஊரா தடை போட்டும் பாத்தாச்சு. நம்ம மத்திய அரசு 2024 மார்ச்ல 23 வகை நாய்ங்கள வளக்கக் கூடாதுன்னு மாநிலங்களுக்கு எழுதுச்சு, யாரையும் கேக்காம போட்ட உத்தரவுன்னு ஏப்ரல்லயே கர்நாடகா, டெல்லி ஹைகோர்ட் ரெண்டும் ரத்து பண்ணிட்டு. நெதர்லாந்துல 1993ல பிட்புல்லுக்குத் தடை போட்டாவ, கடி கொறையலன்னு 2008ல எடுத்துட்டாவ. ஒரு பேர எழுதித் தடை பண்ணுனா இன்னொரு பேர்ல வாங்குவான், அவன் ஆசை அந்த நாய் மேலயா இருக்கு, அதப் பாத்து மத்தவன் பயப்படணும்ங்குறதுல.

எனக்குக் கோவம் எல்லாம் சங்கிலி மேலதான். 1994ல அமெரிக்காவுல டென்வர்ல ஒரு ஆய்வு வந்துச்சு, கடிச்ச நாயையும் கடிக்காத நாயையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாவ. கடிச்ச நாயி வீட்டு முத்தத்துல சங்கிலியில கட்டிப்போட்டதா இருக்க வாய்ப்பு 2.8 மடங்கு அதிகம், ஆண் நாயா இருக்க 6 மடங்கு, கருத்தடை பண்ணாததா இருக்க 2.6 மடங்கு. அதே ஆய்வுல ஜெர்மன் ஷெப்பர்டும் சவ்சவ்ங்குற நாய் வகையும் தனியாத் தூக்கலாத் தெரிஞ்சுச்சு, அத மறைக்கக் கூடாது, இனத்துக்கு ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லல. ஆனா சங்கிலியும் கருத்தடையும் நம்ம கையில இருக்குலா.

நம்மூர்ல என்ன பண்ணுதாவன்னா, தாய்ட்ட பால் குடிக்குற குட்டிய 30 நாள்லயே பிரிச்சு அட்டைப்பெட்டியில போட்டு வித்துருதாவ. 8 வாரம் ஆகாத குட்டிய விக்கவே கூடாதுன்னு 2017ல வந்த விதியே இருக்கு. குட்டிக்கு 3வது வாரத்துல இருந்து 14வது வாரம் வரைக்கும்தான் உலகம் மனசுல பதியுற காலம், அந்த நேரத்துல சின்னப் புள்ள, ஹெல்மெட் போட்ட ஆளு, குடை, கேஸ் சிலிண்டர் சத்தம், பக்கத்து வீட்டு ஆச்சி எல்லாத்தையும் பயமில்லாமப் பாத்துருச்சுன்னா பொறவு பிரச்சினை கம்மி. நாம அந்த ரெண்டரை மாசமும் மாடியில கூண்டுல போட்டு, "யாரையும் அண்ட விடாத, அப்பதான் கோவமா வளரும்"னு பெருமை பேசிட்டு, 2 வயசுல கடிச்ச பொறவு ஜாதியக் குத்தம் சொல்லுதோம்.

ஒங்க விசயத்துக்கு வாரேன். கொழுந்தனாருகிட்ட மூணே மூணு கேளுங்க. காலையில 5 மணிக்கும் சாயங்காலமும் அத நடத்திக் கூட்டிட்டுப் போறது யாரு? தாயயும் தகப்பன் நாயயும் நேர்ல பாத்தீங்களா, ஆளு பக்கத்துல போனா அது ரெண்டும் எப்பிடி இருந்துச்சு? நாளைக்கு நீங்க வேலைக்கு வெளியூர் போயிட்டா இது யாரு பேச்சக் கேக்கும்? மூணாவது கேள்விக்கு "மைனி பாத்துக்கிடுவாவ"ன்னு பதில் வந்துச்சுன்னா, அட்வான்ஸ் போனாப் போவுது, வேண்டாம். 4 வயசுப் பையன் நாயி திங்கும்போது கழுத்தக் கட்டிப் புடிப்பான், அவனுக்கு அது பாசம், நாய்க்கு அது தட்டப் புடுங்க வந்த கை. அது ஒடம்ப வெறைச்சுக் கண்ணு ஓரத்துல வெள்ள தெரியப் பாக்கும், ஒதட்ட நக்கும், உர்ருங்கும். அந்த உர்ருக்கு அடிச்சுராதீங்க, அதுதான் அது குடுக்குற கடைசி நோட்டீஸ். அடிச்சு அத நிப்பாட்டிட்டா அடுத்த தடவ நோட்டீஸ் இல்லாமலே வரும். எந்த நாயா இருந்தாலும் பையனையும் அதையும் தனியா விட்டுட்டு அடுப்படிக்குப் போவக் கூடாது, எங்க தெரு பொமேரியனா இருந்தாலும் சரி.

பையனுக்கு 10 வயசு ஆவட்டும், அப்ப வேணா பேசலாம். அதுவரைக்கும் அத்தையும் மக வீட்டுக்குப் போவ வேண்டாம்.

கேள்வி: நான் ஒரு கன்னி நாய் வெச்சிருக்கேன். போன வாரம் அது பக்கத்து வயக்காரரு கோழி ரெண்டப் புடிச்சுட்டு. "கோழியப் புடிச்ச நாய் நாளைக்கு ஆளப் புடிக்கும், இது ஆபத்தான ரகம்"னு ஊருல பேசுதாவ. நெசமா?
- ஒரு வாசகர், சங்கரன்கோவில் பக்கம்

பதில்: கன்னியும் சிப்பிப்பாறையும் நம்ம கரிசக்காட்டுல முயல் வெரட்டுறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா வளத்த நாயிங்க தம்பி. ஒல்லி ஒடம்பு, நீளக் காலு, உள்ள போன வயிறு, கண்ணால பாத்து வெரட்டுற ரகம். ஓடுறத வெரட்டுறது அதுக்குக் கோவம் இல்ல, வேல. ஆளு மேல பாயுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது, நான் பாத்த கன்னியெல்லாம் புது ஆளு வந்தா கட்டிலுக்கு அடியில போயிரும். கல்யாணம் ஆயிப் போற பொண்ணுக்குச் சீரோட குடுத்து விட்ட நாய்னு அதுக்கு ஒரு கதையே உண்டுலா. ஆனா இங்கயும் இனத்துக்கு ஒரு பங்கு இருக்குன்னு ஒத்துக்கிடணும். கோழி, ஆட்டுக்குட்டி இருக்குற எடத்துல அத அவுத்து விட்டது ஒங்க தப்பு, கோழிக்காரருக்குப் பணத்தக் குடுத்துட்டு வாங்க, பேரம் பேசாதீங்க. வேலி போட்ட வயல்ல தெனமும் ஓட விடுங்க. முயல் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கெளம்பிராதீங்க, 1972ம் வருச வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, கேஸாயிரும்.

கேள்வி: பக்கத்து வீட்டு நாயி என் மக கால்ல கடிச்சிட்டு, லேசா ரத்தம். அவங்க "ஊசி போட்ட நாய்தான், ஒண்ணும் ஆவாது, மஞ்சளும் சுண்ணாம்பும் வைங்க"ங்காவ. போதுமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: போதாதும்மா. இத வாசிக்கும்போதே கெளம்புங்க. பைப்பத் தொறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவுங்க, கடிகாரத்தப் பாத்து 15 நிமிசம். மஞ்சள், சுண்ணாம்பு, மொளகாப்பொடி, மந்திரிச்ச கயிறு எதுவும் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில ஊசி இலவசம்தான். தோலுக்குள்ள போட்டா 0, 3, 7, 28ம் நாளு (0ன்னா மொத ஊசி போடுற நாளு), தசையில போட்டா 14ம் நாளும் சேரும். ரத்தம் வந்துருக்குறதால காயத்தச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேணுமான்னு மறக்காமக் கேளுங்க. அந்த நாய் ஊசிச் சீட்டக் காட்டச் சொல்லுங்க, 10 நாளைக்கு அதக் கண்ணுல படுற மாதிரி வெச்சிருக்கச் சொல்லுங்க. ஆனா அந்த 10 நாளு முடியட்டும்னு ஒங்க ஊசியத் தள்ளிப் போடக் கூடாது. வெறி வந்துட்டுன்னா பொறவு வைத்தியமே கெடையாது.

கேள்வி: எங்க தெருவுல ஒருத்தரு "நாய்கள் ஜாக்கிரதை"ன்னு போர்டு மாட்டிட்டு நாயத் தெருவுல விட்டுருதாரு. கேட்டா "அதான் போர்டு இருக்குலா"ங்காரு. போர்டு வெச்சா பொறுப்பு முடிஞ்சுதா?
- ஒரு வாசகர், பெருமாள்புரம்

பதில்: போர்டு கேட்டுக்கு உள்ள இருக்குற நாய்க்கு வேய்! வெளிய சுத்துற நாய்க்கு என்ன போர்டு? தன் நாயால அடுத்தவனுக்கு ஆபத்து வராமப் பாக்காத ஆளுக்கு பாரதிய நியாய சன்ஹிதாங்குற குற்றவியல் சட்டத்தோட 291ம் பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். ஆனா ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவ அவரு வீட்டு கேட்டப் போயிப் பாருங்க. எங்க தெருவுல ஆறு மாசம் சண்டை போட்ட பொறவுதான் தெரிஞ்சுச்சு, அந்த வீட்டு கேட்டுல கீழ்த் தாப்பாளே இல்லன்னு. 60 ரூவாய்க்கு வாங்கி மாட்டுனோம்.