நுரையீரலில் நீர் கூடினால் தந்துகி கசிந்தது என்று பொருளா?

கேள்வி: விலங்கு ஆய்வுகளில் நுரையீரலை எடுத்து எடைபோட்டு, நீர் கூடியிருந்தால் தந்துகிகள் (மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்) கசிந்துவிட்டன என்று எழுதுகிறார்கள். எடையை மட்டும் வைத்து அவ்வாறு சொல்ல முடியுமா?
– உடலியங்கியல் மாணவி ஒருவர்

பதில்: முடியாது. ஈர எடையை உலர் எடையால் வகுத்துப் பெறும் விகிதம், நீர் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். தந்துகிச் சுவர் பழுதானதால் சேர்ந்ததா, சுவர் நன்றாக இருந்தும் உள்ளழுத்தம் கூடியதால் சேர்ந்ததா என்பதைக் காட்டாது. ஆய்வாளர்கள் கைட்டனும் லிண்ட்சேயும் 1959-இல், நுரையீரலிலிருந்து இரத்தம் வந்து சேரும் இதய இடது மேலறையின் அழுத்தத்தை நாய்களில் உயர்த்தியபோது, அது ஏறத்தாழ 24 மி.மீ. பாதரச அளவைத் தாண்டிய பிறகே நுரையீரலில் நீர் கோத்தது. நீரை நாளங்களுக்குள் பிடித்துவைக்கும் இரத்தப் புரதத்தைப் பாதியளவாகக் குறைத்ததும் 11 மி.மீ. அளவிலேயே கோக்கத் தொடங்கியது. இரண்டிலும் சுவரை யாரும் சேதப்படுத்தவில்லை.

சுவர் பழுதானால் நீரோடு புரதமும் கசியும்; இதனால்தான் புரதத்தைப் பின்தொடர்கிறார்கள். ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு பிணையும் எவன்ஸ் நீலச் சாயத்தைச் சிரையில் செலுத்தி, பின்னர் நுரையீரலிலிருந்து ஃபார்மமைடு என்ற கரைப்பானில் பிரித்தெடுத்து, 620 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளப்பது பரவலான முறை. ஆனால் நாளங்களில் தங்கிய இரத்தத்தை உப்புக்கரைசலால் நன்கு கழுவி வெளியேற்றாவிட்டால், கசியாத சாயமும் கசிந்த கணக்கில் ஏறிவிடும். செம்மறியாடுகளின் நுரையீரல் நிணநீரை (தந்துகிகளிலிருந்து கசிந்து வடியும் நீரை) குழாய் வைத்துச் சேகரிக்கும் முறை, என் மதிப்பீட்டில், இன்னும் தெளிவானது: ஓட்டம் கூடிப் புரதச் செறிவு குறைந்தால் காரணம் அழுத்தம், ஓட்டம் கூடியும் செறிவு குறையாவிட்டால் சுவரே பழுது. சூடோமோனாஸ் பாக்டீரியா செலுத்திய ஆடுகளில் 1974-இல் பிரிகாம் குழுவினர் கண்டது இரண்டாவது வகை.

உடலிலிருந்து தனியே எடுத்து, குழாய் இணைத்து, தராசில் தொங்கவிட்ட நுரையீரலிலும் அளக்கலாம். சிரை அழுத்தத்தை உயர்த்தியதும் முதல் சில நிமிடங்களில் எடை சட்டென ஏறுவது, நாளங்கள் விரிந்து இரத்தம் நிரம்புவதால். அதன்பின் மெல்லச் சீராக ஏறுவதே கசியும் நீர். அந்த ஏற்ற வேகத்தை அழுத்த உயர்வாலும் நுரையீரல் எடையாலும் வகுத்தால் வடிகட்டல் குணகம் கிடைக்கும். அதிலும் சுவரின் ஊடுருவுதன்மையோடு தந்துகிகளின் பரப்பளவும் கலந்திருப்பதால், நாளங்கள் பல அடைபட்ட நுரையீரலில் சுவர் பழுதாகியும் குணகம் குறைவாகவே வரக்கூடும். ஆகவே கட்டுரையைப் படிக்கும்போது, எடையோடு அழுத்தத்தையும் புரதத்தையும் அளந்தார்களா என்று முதலில் பாருங்கள்.