திறமூல மென்பொருள் இலவசம்தானே, பிறகு ஏன் சிரமம் என்கிறார்கள்?

இலவசம் என்பது அதன் ஒரு பக்கம்தான். மென்பொருளை எழுதிய கட்டளைகளை, அதாவது மூல நிரலை, யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று உரிமமே அனுமதிப்பதுதான் திறமூலம். வேர்டு, எக்செல் போன்ற வேலைகளுக்கான திறமூலத் தொகுப்பான ஓப்பன் ஆபிஸ், ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும், 2010இல் அதே நிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபிஸைத் தொடங்க முடிந்தது இந்த உரிமையால்தான். எனக்கு இதுவே பெரிய விஷயம்.

சிரமம் சின்னச் சின்ன இடங்களில் வரும். வேர்டில் லதா எழுத்துருவில் அடித்த கோப்பை, விண்டோஸுக்கு மாற்றான திறமூல இயங்குதளமான லினக்ஸில் திறந்து பாருங்கள். லதா விண்டோஸுக்கான எழுத்துரு, இங்கே இருக்காது. வேறு எழுத்துரு வந்து உட்கார, வரிகள் நீண்டு, அட்டவணையின் கடைசி வரிசை அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவை இரு கணினிகளிலும் நிறுவி, கோப்பையும் அதற்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். லிப்ரே ஆபிஸ் விண்டோஸிலும் ஓடும். முதலில் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.