3டிஎஃப்எக்ஸ் ஏன் மூழ்கியது? வராமல் போன சிப்பும் வாங்கியிருக்கக் கூடாத கம்பெனியும்

கேள்வி: 1990-களில் கேம் விளையாடுபவர்கள் எல்லோரும், கணினியில் முப்பரிமாணப் படத்தை வேகமாக வரைந்து தரும் வூடூ கார்டு வேண்டும் என்று ஏங்கினார்களாம். அதைத் தயாரித்த 3டிஎஃப்எக்ஸ் ஏன் காணாமல் போனது?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. 32 பிட் நிறம் (16 பிட்டைவிட நுணுக்கமான நிறங்கள்) தரவில்லை, தங்கள் கார்டில் மட்டும் ஓடும் கிளைடு என்ற சொந்த மென்பொருள் இடைமுகத்தை விட மறுத்தார்கள், போட்டி நிறுவனமான என்விடியா விழுங்கிவிட்டது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றை மட்டும் வைத்துக் கதையை முடித்துவிடுவது அந்தப் பொறியாளர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். என் பார்வையில் விஷயம் இதுதான்: புதிய சிப்பை அவர்களால் நேரத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்தத் தாமதத்தைத் தாங்கும் சக்தியையும் ஒரு கொள்முதலால் அவர்களே கெடுத்துக்கொண்டார்கள்.

முதலில் அவர்கள் எதில் ஜெயித்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1994-ல் ராஸ் ஸ்மித், கேரி டரோலி, ஸ்காட் செல்லர்ஸ் என்ற மூவர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கிய நிறுவனம் இது. மூவருமே சிலிக்கான் கிராபிக்ஸ் என்ற கணினி வரைகலை நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். வூடூ சிப் ஆரம்பத்தில் ஆர்கேட் இயந்திரங்களுக்குத்தான் (காசு போட்டு விளையாடும் பொது இட கேம் இயந்திரங்கள்) போனது, ஏனென்றால் வீட்டுக் கணினியில் போடும் அளவுக்கு மெமரி மலிவாக இல்லை. 1996-ல் மெமரி விலை தடாலென்று சரிந்தது. அந்த ஆண்டே சுமார் 300 டாலருக்கு 4 எம்பி வூடூ கார்டு கடைக்கு வந்துவிட்டது.

அந்த வடிவமைப்பின் துணிச்சல் எனக்கு இன்றும் பிடிக்கும். முப்பரிமாணம் தவிர வேறு எதையும் அந்தக் கார்டு செய்யாது. விண்டோஸ் திரையைக் காட்ட உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 2டி கார்டு போதும். அதிலிருந்து ஒரு கேபிளை வூடூவுக்குள் விட்டு, அங்கிருந்து மானிட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். கேம் தொடங்கும்போது வூடூ திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். வேண்டாததையெல்லாம் விட்டுவிட்டதால், இருக்கிற டிரான்சிஸ்டர்கள் அனைத்தும் ஒரே வேலைக்குப் போயின. சாதாரணமாக 320x200 புள்ளிகளில் கட்டம் கட்டமாகத் தெரிந்த குவேக் என்ற கேம், 1997-ல் வூடூவில் 640x480-ல் வழவழவென்று ஓடியது. அதைப் பார்த்தவர்கள் பழைய திரைக்குத் திரும்ப விரும்பவில்லை.

1998-ல் வந்த வூடூ 2 இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு கார்டில் மூன்று சிப். விருப்பமிருந்தால் இரண்டு கார்டுகளை இணைத்து, திரையின் ஒற்றை வரிகளை ஒன்றும் இரட்டை வரிகளை இன்னொன்றும் வரையச் செய்யலாம். எஸ்எல்ஐ என்று அதற்குப் பெயர். 1024x768-ல் விளையாட அன்று அதுதான் வழி.

ஆனால் பலவீனமும் அங்கேயே இருந்தது. வூடூ 2 என்பது அடிப்படையில் முதல் வூடூவின் நீட்சி. அடுத்து வந்த பான்ஷி என்ற சிப்பும் வூடூ 3-யும் அதே குடும்பம்தான், 2டி சேர்த்து, வேகம் கூட்டி ஒரே சிப்பில் அடக்கியவை. உண்மையிலேயே புதிதாக, அடியிலிருந்து வடிவமைத்த சிப் ஒன்று ராம்பேஜ் என்ற பெயரில் உள்ளே தயாராகிக்கொண்டிருந்தது. அது தள்ளிப்போய், மறுபடி மாற்றி வடிவமைக்கப்பட்டு, மறுபடியும் தள்ளிப்போனது. என்விடியாவோ ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு புதிய சிப் என்ற தாளத்தைப் பிடித்துவிட்டது. 1997-ல் ரிவா 128, 1998-ல் டிஎன்டி, 1999 தொடக்கத்தில் டிஎன்டி 2, அதே ஆண்டு அக்டோபரில் ஜீஃபோர்ஸ் 256. 2டி, 3டி இரண்டும் ஒரே சிப்பில் இருந்ததால் கணினித் தயாரிப்பாளர்களுக்கும் அவை வசதியாகப் போயின.

இப்போது அந்தக் கொள்முதலுக்கு வருகிறேன். அதுவரை 3டிஎஃப்எக்ஸ் சிப் மட்டும் விற்றது. கார்டு செய்து விற்றவர்கள் டைமண்ட், கிரியேட்டிவ், ஆர்ச்சிட் போன்ற நிறுவனங்கள். மெமரி வாங்குவது, ஸ்டாக் வைப்பது, கடைகளுக்கு அனுப்புவது, திரும்பி வந்ததை மாற்றிக் கொடுப்பது எல்லாம் அவர்கள் பாடு. 1998 டிசம்பரில் எஸ்டிபி சிஸ்டம்ஸ் என்ற டெக்சஸ் கார்டு தயாரிப்பாளரைச் சுமார் 141 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்குவதாக 3டிஎஃப்எக்ஸ் அறிவித்தது. இனி வூடூ கார்டுகளை நாமே செய்வோம், நாமே விற்போம் என்பது திட்டம். மெக்சிகோவின் ஹுவாரெஸில் இருந்த தொழிற்சாலையும் சேர்ந்து வந்தது.

மாவு மில்காரர், தன்னிடம் மாவு வாங்கும் ஓட்டல்களுக்கு எதிரிலேயே ஓட்டல் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. நேற்றுவரை வூடூவை ஊரெல்லாம் கொண்டுபோய் விற்ற டைமண்டும் கிரியேட்டிவும் டிஎன்டி 2 கார்டுகளை முன்னுக்குத் தள்ளின. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஸ்டிபி அதற்கு முன் என்விடியாவின் பெரிய வாடிக்கையாளர். அதைத் தன்பக்கம் இழுத்தால் என்விடியாவுக்கு அடி விழும் என்ற கணக்கும் இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் அந்தக் கணக்கு தலைகீழாகப் போனது, ஏனென்றால் போன ஒருவருக்குப் பதிலாக என்விடியாவுக்குப் பலர் கிடைத்தார்கள்.

அதைவிட மோசமான விளைவு பணத்தில். சிப் விற்பவருக்கு ஒரு தலைமுறை சறுக்கினால் வருமானம் குறையும். தொழிற்சாலை வைத்திருப்பவருக்கு வருமானம் குறைந்தாலும் செலவு நிற்காது. விற்காத கார்டு கிடங்கில் கிடக்கும், அதன் விலை மாதாமாதம் இறங்கும். ராம்பேஜுக்குப் போயிருக்க வேண்டிய கவனமும் பணமும் இந்தப் பக்கம் கரைந்தன.

32 பிட் விஷயத்தைப் பற்றி: வூடூ 3 வேகமான கார்டு, 16 பிட் படமும் அதில் நன்றாகவே இருந்தது. டிஎன்டி 2-ல் 32 பிட் போட்டால் வேகம் குறையவும் செய்தது. ஆனாலும் அட்டைப்பெட்டியில் 32 பிட், 32 எம்பி என்று போட்டிருப்பதும் 16 பிட், 16 எம்பி என்று போட்டிருப்பதும் அருகருகே இருந்தால் வாங்குபவர் எதை எடுப்பார்? கிளைடும் அப்படித்தான். ஆரம்பத்தில் அது பெரிய பலம், எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவான மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி முதிர்ந்த பிறகு கேம் தயாரிப்பவர்களுக்கு அதன் தேவை போய்விட்டது. சேகா தன் டிரீம்காஸ்ட் என்ற கேம் கன்சோலுக்கு இவர்களை விட்டுவிட்டு 1997-ல் பவர்விஆர் என்ற போட்டிச் சிப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஓர் இழப்புதான், ஆனால் அதில் யாரும் சாகவில்லை. வழக்குப் போட்டு 10.5 மில்லியன் டாலர் வாங்கினார்கள்.

சாகடித்தது 2000-ம் ஆண்டு. ராம்பேஜ் வராததால் இடைக்கால ஏற்பாடாக விஎஸ்ஏ-100 என்ற சிப்பைச் செய்தார்கள். ஒரு சிப் தனியாக என்விடியாவோடு மோத முடியாது, ஆகவே வூடூ 5 5500-ல் இரண்டு. ஒவ்வொரு சிப்புக்கும் 32 எம்பி. இரண்டுமே ஒரே டெக்ஸ்சர்களை (பொருள்களின் பரப்பில் ஒட்டும் படங்கள்) தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால், 64 எம்பிக்குக் காசு கொடுத்தும் 64 எம்பியின் முழுப் பயன் கிடைக்காது. இரண்டு சிப், இரட்டை மெமரி என்றால் தயாரிப்புச் செலவும் அதற்கேற்ப. விளிம்புகளை வழவழப்பாக்குவதில் அந்தக் கார்டுக்கு அன்று நிகர் இல்லை, அதை மனதாரச் சொல்வேன். ஆனால் 1999 நவம்பரில் காட்டியது கைக்கு வர 2000-ன் நடுப்பகுதி ஆனது. ஏப்ரலிலேயே ஜீஃபோர்ஸ் 2 ஜிடிஎஸ் வந்து, ஒரே சிப்பில் அதை முந்தியிருந்தது. நான்கு சிப்புகளோடும் தனி மின்சப்ளையோடும் திட்டமிட்ட வூடூ 5 6000 விற்பனைக்கே வரவில்லை. இதற்கு நடுவில் ஜிகாபிக்சல் என்ற வரைகலைச் சிப் வடிவமைப்பு நிறுவனத்தை வேறு 186 மில்லியன் டாலர் பங்குக்கு வாங்கினார்கள். தொழில்நுட்பம் நல்லதுதான், பலன் தர அவகாசம் இல்லை.

கடைசியில் கார்டு தொழிலை விட்டுவிட்டுப் பழையபடி சிப் மட்டும் விற்கப் போவதாகச் சொன்னார்கள். இரண்டு வருடம் முன்பே அந்த இடத்தை விட்டு நகராமல் இருந்திருந்தால் ராம்பேஜ் வெளிவரும்வரை தாக்குப் பிடித்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் அதன் மாதிரிச் சிப்புகள் அப்போது ஓடத் தொடங்கியிருந்தன. 2000 டிசம்பர் 15 அன்று, காப்புரிமைகள் உள்ளிட்ட சொத்துக்களை 70 மில்லியன் டாலர் ரொக்கத்துக்கும் சில நிபந்தனைகளுடன் கூடிய பங்குகளுக்கும் என்விடியா வாங்குவதாக அறிவிப்பு வந்தது. அதாவது முழுக் கம்பெனியையும் அது விழுங்கவில்லை. கடன்களோடு மிஞ்சிய கூடு 2002 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. பொறியாளர்களில் ஏறக்குறைய நூறு பேர் என்விடியாவுக்குப் போனார்கள். 2004-ல் என்விடியா இரண்டு கார்டுகளை இணைக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது, வேலை செய்யும் முறை வேறாக இருந்தாலும், எஸ்எல்ஐ என்ற அதே மூன்றெழுத்தையே அதற்கு வைத்தது.